கிளாரா ஷூமான்: மனைவியின் புகழும் கலைஞரின் புகழும்

மேல்நாட்டு இசை வரலாற்று நூல்களில் கிளாரா ஷூமான் அம்மையாரின் பெயர் வரும் இடமெல்லாம் இரண்டு புகழுரைகள் அதனுடன் சேர்ந்தே வருவதைக் காணலாம். சிறந்த பியானோக் கலைஞர் என்பது ஒன்று. கணவரிடம் மாறாத அன்பு பூண்ட மனைவி என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. ஆனால், இவ்விரு புகழுரைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா, அன்றி ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுகின்றதா என்பது ஆராயத்தக்கது. அம்மையார் மறைந்து நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவரைப் பற்றி எழுதப்பெற்றவற்றை ஒருங்கு வைத்து நோக்கினால், மனைவி என்னும் புகழ் வளர வளரக் கலைஞர் என்னும் புகழ் வெறும் அடைமொழியாகச் சுருங்கி வந்திருப்பது புலப்படும்.

இதற்கு ஒரு காரணம் கலையின் இயல்பிலேயே இருக்கிறது. இசையை இயற்றுபவர் ஏட்டை விட்டுச் செல்கிறார். வாசிப்பவர் விட்டுச் செல்வது யாது? மண்டபத்தில் எழுந்த ஒலி அன்றிரவே காற்றோடு கலந்துவிடுகிறது. ஒலிப்பதிவுக் கருவி கிளாராவின் முதுமைக்கு முன்னரே தோன்றிவிட்டது எனினும், அவர் வாசிப்பைக் காட்டும் பதிவு ஒன்றும் இல்லை. அவர் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளுமோ மிகுதியாக வெளிவந்துள்ளன. கடிதத்தில் மனைவியும் தாயும் பேசுகிறார்கள். மேடையில் பேசிய விரல்கள் அங்கே பேசுவதில்லை. ஆகவே, கிடைத்த சான்றைக் கொண்டு எழுதப் புகும் ஆசிரியர், தாம் அறியாமலே மனைவியின் வரலாற்றை எழுதி முடித்துவிடுகிறார்.

தந்தை எழுதிய "நான்"

கிளாரா 1819ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தார். தந்தை பிரீட்ரிக் வீக், பியானோ ஆசிரியர். பியானோ விற்பனையும் நடத்தியவர். தாய் மரியன்னே, பாடகியாரும் பியானோக் கலைஞரும் ஆவார். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோர் மணமுறிவு செய்துகொண்டனர். கிளாரா தந்தையின் வீட்டில் வளர்ந்தார்.

வீக் கற்பித்த முறை ஆசிரியர்கள் அறிந்துகொள்ளத் தக்கது. ஏட்டிலுள்ள இசைக் குறியீடுகளைக் காட்டுவதற்கு முன்னரே, காதால் கேட்டுக் கையால் வாசிக்கும்படி அவர் பழக்கினார். நாள்தோறும் தனிப்பாடம், அளவான பயிற்சி, திறந்த வெளியில் நீண்ட நடை, மாலையில் பிறர் இசையைக் கேட்டல் ஆகிய யாவும் அத்திட்டத்தில் அடங்கின. இன்று எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் ஏற்கத்தக்க முறை அது. ஆயினும், அம்முறையை வகுத்தவர் பிள்ளையைத் தமது உடைமையாகவும் கருதினார். 1827இல் அவர் மகளுக்காக ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். அதில் "நான்" என்று எழுதப்பட்டிருக்கும். எழுதிய கையோ தந்தையின் கை. ஏழு வயதுச் சிறுமி தன் வரலாற்றைத் தானே சொல்வது போலத் தந்தை எழுதி வந்தார். கிளாராவைப் பற்றிய முதல் வரலாறே இப்படி வேறொருவர் எழுதிய தன்வரலாறாக அமைந்துவிட்டது. பின்வந்த ஆசிரியர்கள் பலர் செய்ததும் ஏறத்தாழ இதுவே.

1828இல், ஒன்பது வயதில், லைப்சிக்கின் புகழ்பெற்ற கெவாண்டுஹௌஸ் இசை மண்டபத்தில் கிளாரா முதன்முதலாக மேடையேறினார். 1830இல் அதே மண்டபத்தில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி நடந்தது. 1835 நவம்பர் 9ஆம் நாள், தாமே இயற்றிய பியானோக் கான்செர்ட்டோவை அவர் வாசிக்க, இசைக்குழுவை மென்டல்சன் நடத்தினார். அப்போது கிளாராவுக்கு வயது பதினாறு. 1838இல் வியன்னா அரசவை அவருக்கு அரசவைக் கலைஞர் என்னும் பட்டம் அளித்தது. அயல்நாட்டவர், புராட்டஸ்டண்டுச் சமயத்தவர், பதினெட்டே வயதுப் பெண் என்னும் மூன்று தடைகளையும் கடந்து வந்த பட்டம் அது. கிரில்பார்ட்சர் என்னும் ஆஸ்திரியக் கவிஞர் அவர் பேத்தோவன் இசையை வாசித்ததைக் கேட்டுக் கவிதை இயற்றினார்.

இங்கே கருத வேண்டியது ஒன்றுண்டு. இத்தனையும் நடந்தபோது அவர் எவருக்கும் மனைவி அல்லர். ராபர்ட் ஷூமானின் பெயரை அறியாத ஊர்களிலும் கிளாரா வீக் என்னும் பெயர் அறியப்பட்டிருந்தது. கணவரின் புகழால் மனைவி அறியப்பட்டார் என்று எண்ணுவோர் இக்கால வரிசையை ஒருமுறை பார்த்தல் நலம்.

வழக்கு மன்றமும் மணவறையும்

ராபர்ட் ஷூமான் 1830இல் வீக்கிடம் மாணவராக வந்தவர். வலக்கை விரல் பழுதுற்றதால் மேடைக் கலைஞராகும் எண்ணத்தைக் கைவிட்டு, இசை இயற்றுவதிலும் இசைத் திறனாய்விலும் ஈடுபட்டார். 1837இல் அவரும் கிளாராவும் மணம் செய்துகொள்ள உறுதி பூண்டனர். வீக் கடுமையாக எதிர்த்தார். 1839இல் வழக்கு மன்றம் சென்றனர். தந்தைக்கு எதிராகத் தம் உரிமையைக் கேட்டு நின்ற அந்த இளம்பெண்ணுக்கு 1840இல் தீர்ப்பு சாதகமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 12ஆம் நாள், அவருக்கு இருபத்தோரு வயது நிறைவதற்கு முந்திய நாள், திருமணம் நடந்தது.

மறுநாளே இருவரும் சேர்ந்து எழுதும் நாட்குறிப்பு தொடங்கியது. ஒரு வாரம் கணவர், மறு வாரம் மனைவி என்று மாறி மாறி எழுதுவது ஏற்பாடு. அந்நாட்குறிப்பு இல்லறத்தின் இனிமையையும் காட்டுகிறது. அதன் விலையையும் காட்டுகிறது. கணவர் இசை இயற்றும் வேளையில் மனைவி பியானோவைத் தொடலாகாது. ஒரே வீட்டில் இரண்டு ஒலிகளுக்கு இடமில்லை. நாள்தோறும் பயிற்சி செய்தாலன்றிக் கைத்திறன் நில்லாது என்பதை அறிந்த கிளாரா, தம் கலை பின்தங்கிப் போவதை எண்ணி வருந்தி எழுதினார். ராபர்ட்டும் அதனை உணராதவர் அல்லர். குழந்தைகளும், கற்பனை உலகிலேயே வாழும் கணவரும் உள்ள வீட்டில் இசை இயற்றுவது மனைவிக்கு இயலாததாகிறது என்றும், அதனால் எத்தனையோ நல்ல கருத்துகள் உருப்பெறாமல் போகின்றன என்றும் அவரே வருந்திக் குறித்துள்ளார். உணர்ந்தார், வருந்தினார், ஆயினும் வீட்டின் ஏற்பாடு மாறவில்லை.

1841 முதல் 1854 வரை எட்டு மக்கள் பிறந்தனர். ஒரு மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். இதற்கிடையில் 1842இல் கோபன்ஹேகனுக்குக் கணவரின்றிச் சென்று வாசித்தார்; 1844இல் ருஷ்யாவுக்குக் கணவருடன் சென்றார். 1849இல் டிரெஸ்டன் நகரில் கிளர்ச்சி மூண்டபோது, கணவரையும் மூத்த மகளையும் ஊருக்கு வெளியே சேர்த்துவிட்டு, கருவுற்றிருந்த நிலையிலும் ஆயுதம் தாங்கியவர்களுக்கிடையே நகருக்குள் திரும்பிச் சென்று மற்றக் குழந்தைகளை அழைத்து வந்தார்.

1854 பிப்ரவரியில் பெருந்துயர் வந்தது. மனநோயுற்றிருந்த ராபர்ட், டூசல்டார்ப் நகரில் ரைன் ஆற்றில் பாய்ந்தார், மீட்கப்பட்டார், பின்னர்ப் பான் நகருக்கு அருகிலுள்ள என்டனிக் மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். இரண்டாண்டுகளுக்கு மேலாகக் கணவரைக் காண மனைவிக்கு மருத்துவர்கள் இசைவளிக்கவில்லை. 1856 ஜூலை இறுதியில், இறப்பதற்கு இரண்டு நாள் முன்னர்தான் கண்டார். கடைசி மகன் பிறந்தது 1854 ஜூன் மாதத்தில். அவ்வாண்டு இலையுதிர் காலத்திலேயே கிளாரா இசைப் பயணத்தைத் தொடங்கிவிட்டார். ஏழு குழந்தைகளுக்கு உணவு வேண்டும். மருத்துவ இல்லத்துக்குப் பணம் வேண்டும். நண்பர்கள் நிதி திரட்டித் தர முன்வந்தபோது அவர் ஏற்கவில்லை. கையில் தொழில் இருக்கும்போது கையேந்துவானேன் என்பது அவர் எண்ணம் போலும்.

மூன்று தொகுதிகளும் ஒரு திரைப்படமும்

கிளாராவின் விரிவான வாழ்க்கை வரலாற்றை முதன்முதலில் எழுதியவர் பெர்த்தோல்ட் லிட்ஸ்மன். 1902 முதல் 1908 வரை மூன்று தொகுதிகளாக அது வெளிவந்தது. நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் நேரே பார்த்து எழுதப்பெற்ற அந்நூலின்றிப் பின்வந்த எவரும் எழுதியிருக்க இயலாது. அதற்குரிய நன்றியைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால், அதன் அமைப்பை உற்று நோக்குக. நூலின் துணைத் தலைப்பு, இது ஒரு கலைஞரின் வாழ்வு என்று கூறுகிறது. முதல் தொகுதியின் பெயரோ கன்னிப் பருவம். இரண்டாவது மணவாழ்க்கைக் காலம். மூன்றாவது கிளாராவும் அவர் நண்பர்களும். கலைஞரின் வாழ்வு என்று வாயிலில் எழுதிவிட்டு, உள்ளே அறைகளைத் திருமணத்தை வைத்துப் பிரித்திருக்கிறார் ஆசிரியர்.

ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் இதன் பொருத்தமின்மை விளங்கும். மணவாழ்க்கை 16 ஆண்டுகள். அவற்றிலும் கடைசி இரண்டாண்டுகளுக்கு மேல் பிரிவில் கழிந்தன. அதன்பின் கிளாரா 40 ஆண்டுகள் வாழ்ந்தார். மேடைத் தொழில் 60 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1828இல் தொடங்கியவர் 1891இல் பிராங்க்பர்ட்டில் இறுதியாகப் பொதுமேடையில் வாசித்தார். 1878 முதல் 1892 வரை அந்நகரின் ஹோக் இசைக் கல்லூரியில் பியானோவுக்கு முதன்மை ஆசிரியராக இருந்தார். பல நாடுகளிலிருந்து மாணவியர் வந்து பயின்றனர். நிகழ்ச்சி நிரல்களை அவர் சேர்த்து வைத்தார். அவை 1,300க்கு மேற்பட்டவை. ஸ்விக்காவ் நகரில் காக்கப்படுகின்றன. இத்தனை உழைப்பையும் கொண்ட 40 ஆண்டுகளுக்கு "நண்பர்கள்" என்று பெயரிட்டது எதனால்? கணவர் இல்லாத காலத்தைப் பெயரிட வேறு சொல் கிடைக்காமையாலேயே எனலாம்.

1947இல் அமெரிக்காவில் எடுக்கப்பெற்ற "சாங் ஆப் லவ்" என்னும் திரைப்படம் இன்னும் ஒரு படி சென்றது. கேதரின் ஹெப்பர்ன் கிளாராவாக நடித்தார். அவர் பியானோப் பயிற்சி பெற்றுக் கைகளை நன்றாகவே இயக்கினார். ஆனால் படத்தில் கேட்கும் பியானோ ஒலி ஆர்தர் ரூபின்ஸ்டைன் என்னும் மேதையுடையது. அவர் வாசிப்பில் குறை காண்பது நோக்கமன்று. தன் காலத்தில் ஐரோப்பாவின் முதல்வரிசைக் கலைஞராக மதிக்கப்பெற்ற ஒரு பெண்ணின் கதையில், அவர் முகம் மட்டும் பெண்ணுக்கும் அவர் கலை ஆணுக்கும் பங்கிடப்பட்டது என்பதைத்தான் குறிப்பிட வேண்டியிருக்கிறது. கதையும், கணவரின் துயரையும் இளம் பிராம்ஸ் அம்மையாரிடம் கொண்ட அன்பையும் சுற்றியே செல்கிறது. பார்ப்பவர் மனத்தில் நிற்பது யார் யாரை விரும்பினார் என்பதே. யார் எதை எப்படி வாசித்தார் என்பதன்று.

மறுபக்கத்துத் தவறு

இந்நிலை கண்டு மனம் கொதித்த பிற்காலத்தார் சிலர் மறுமுனைக்குச் சென்றனர். ஒரு படைப்பாளியைக் கணவர் அடக்கி ஒடுக்கினார் என்பது அவர்கள் தீர்ப்பு. கேட்பதற்கு நேராகத் தோன்றும் இத்தீர்ப்பும் சான்றோடு பொருந்தவில்லை. இசை இயற்றும் ஆற்றல் தமக்கு இல்லை, பெண் அதற்கு ஆசைப்படலாகாது என்று கிளாரா நாட்குறிப்பில் எழுதியது 1839இல். திருமணத்துக்கு முந்திய ஆண்டு. அந்த ஐயம் வந்தது காலத்தின் பொதுக்கருத்திலிருந்து. மணந்தபின் ராபர்ட் அவரை எழுதுமாறு தூண்டினார். 1841இல் ரூக்கர்ட் என்னும் கவிஞரின் பாடல்களுக்கு இருவரும் இசையமைத்துச் சேர்ந்து வெளியிட்டபோது, 12 பாடல்களில் மூன்று கிளாராவுடையவை. எது எவருடையது என்று தனித்துக் குறிக்கவில்லை. 1846இல் பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான டிரியோவை இயற்றினார். 1853இல் கணவரின் இசைக் கருவை எடுத்து மாறுபாடுகள் அமைத்தார்; வயலினுக்கும் பியானோவுக்குமான மூன்று ரொமான்ஸ்களையும் இயற்றினார். அவர் இசைப் படைப்புகளின் வரிசை எண் 23இல் நிற்கிறது.

கணவர் மறைந்தபின் வந்த 40 ஆண்டுகளில் அவர் புதிதாக இயற்றியது மிகச் சிறிதே. தடுத்தவர் கணவரே எனில், தடை நீங்கியபின் ஊற்றுப் பெருகியிருக்க வேண்டுமன்றோ? நடந்தது அதற்கு மாறானது. பிழைப்பும் பயணமும் பிள்ளைகளின் நோயும் ஒருபுறம். தம் படைப்பைத் தாமே குறைத்து மதித்த மனப்பாங்கு மறுபுறம். டிரியோவைக் கணவரின் டிரியோவோடு ஒப்பிட்டுத் தம்முடையது மென்மையானது, வலுவற்றது என்று அவரே தாழ்த்திக்கொண்டார். இன்று அதைக் கேட்போர் அத்தீர்ப்பை ஏற்பதில்லை. ஓர் எதிரியைக் கண்டுபிடித்துவிட்டால் வரலாறு எளிதாகிவிடும். ஆனால் எளிதாவதெல்லாம் உண்மையாகிவிடாது.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. குழந்தைகளைப் பிறர் வீட்டிலும் விடுதியிலும் விட்டுவிட்டு ஊர் ஊராகச் சென்றவர் நல்ல தாயா என்பது அது. நல்ல மனைவி என்ற அளவுகோலைக் கொண்டு புகழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இக்கேள்வியைக் கேட்கிறார்கள். அளவுகோல் மாறவில்லை, விடை மட்டும் மாறியிருக்கிறது. பொருள் தேடப் பிரிந்த ஆணை எவரும் இவ்வாறு கேட்டதில்லை. மகள் ஜூலி 1872இலும், மகன் பீலிக்ஸ் 1879இலும் இளமையில் இறந்தனர். மற்றொரு மகன் லுட்விக் மனநோய் இல்லத்தில் வாழ்ந்தான். பெர்டினாண்ட் நோயுற்றபோது அவன் மக்களைக் காத்தவரும் பாட்டியே. இவை யாவும் பியானோ ஈட்டிய பொருளால் நடந்தன.

அன்பின் கருவி எது?

ஆக, இரு புகழுரைகளையும் தனித்தனியே வைத்தால் இரண்டும் குறைபடுகின்றன. அவற்றை இணைத்துக் காணும் வழி ஒன்றே. கிளாரா கணவர்மீது கொண்ட அன்பு எதன் வாயிலாகச் செயற்பட்டது என்று கேட்க வேண்டும். கணவரின் பழுதுற்ற கைக்கு ஈடாக நின்றவை அவர் கைகள். ராபர்ட் தமக்கு உரிமையாக்கிய பியானோக் குவின்டெட்டை 1843இல் மேடையில் முதலில் வாசித்தவர் அவர். பியானோக் கான்செர்ட்டோ 1845 டிசம்பரில் டிரெஸ்டனில் முதன்முறை ஒலித்ததும் அவர் விரல்களாலேயே. கேட்போர் கைதட்டலுக்காக எழுதப்பட்ட வித்தை காட்டும் உருப்படிகள் மலிந்திருந்த காலத்தில், பாக், பேத்தோவன், ஷோப்பன், ஷூமான் என்று நிகழ்ச்சி நிரலை அமைத்து, ஏட்டைப் பாராமலே வாசித்துக் கேட்போரின் சுவையையே மாற்றியவர்களுள் ஒருவர். ராபர்ட்டின் பெயர் நிலைத்தது அவ்விசையின் உயர்வால். அவ்வுயர்வை மக்கள் காதுக்குக் கொண்டுசென்றது ஒரு தொழிற்கலைஞரின் அரை நூற்றாண்டு உழைப்பு. அந்த உழைப்பை நீக்கிவிட்டு அன்பை மட்டும் போற்றுவது, உழவரை மறந்துவிட்டு அறுவடைத் திருநாள் கொண்டாடுவது போன்றது.

அந்த அன்பு கண்மூடிய பணிவும் அன்று. 1881 முதல் வெளிவந்த கணவரின் முழுத் தொகுப்பைப் பதிப்பித்தவர் கிளாரா. பிராம்ஸ் துணை நின்றார். கணவரின் இறுதிக்கால வயலின் கான்செர்ட்டோ வெளிவரலாகாது என்று முடிவு செய்தவர்களுள் அவரும் ஒருவர். அது 1937இல்தான் அச்சேறியது. செல்லோவுக்காக ராபர்ட் எழுதிய ஐந்து ரொமான்ஸ்களை 1893இல் அவர் எரித்தே விட்டார். கணவரின் புகழுக்கு அவை தகுதியற்றவை என்பது அவர் கருத்து. இச்செயல் தவறென்றே சொல்ல வேண்டும். அழிந்த ஏட்டைப் பற்றிப் பின்வருவோர் தீர்ப்புச் சொல்லும் உரிமையை அது பறித்துவிட்டது. ஆனால், தவறு செய்வதற்கும் தனி அறிவும் துணிவும் வேண்டும். மனைவியின் அன்பை மட்டும் பாடும் நூல்கள் இந்நிகழ்ச்சியை மெல்லக் கடந்து செல்கின்றன. தீர்ப்புச் சொல்லும் கலைஞரை அவை எதிர்பார்க்காமையே காரணம்.

1985இல் நான்சி ரைக் எழுதிய வாழ்க்கை வரலாறு இக்குறையைப் பெரிதும் நீக்கியது. வாழ்க்கை நிகழ்ச்சிகளை ஒரு பகுதியில் கூறி, இசை இயற்றியவர், மேடைக் கலைஞர், ஆசிரியர் என்று அவர் பணிகளை மறுபகுதியில் தனித்தனியே ஆராய்கிறது அந்நூல். பிறப்பின் 200ஆம் ஆண்டாகிய 2019இல் அவர் படைப்புகள் பல நாட்டு மேடைகளில் மீண்டும் ஒலித்தன. ஜெர்மனியில் 1990 முதல் யூரோ நாணயம் வரும்வரை வழங்கிய 100 மார்க் தாளில் ஒருபுறம் கிளாராவின் முகம் இருந்தது. மறுபுறம் இருந்தது ஒரு பியானோ. வரலாற்று நூல்கள் தயங்கிய இடத்தில் ஒரு நாணயத் தாள் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பெண்மணிகளின் வரலாற்றைப் பாடமாக எழுதுவோரும் நடத்துவோரும் இதிலிருந்து பெறத்தக்கது எளிய ஒரு பயிற்சி. "கணவருக்கேற்ற மனைவி" என்று எழுதிவிட்டு மேலே செல்லுமுன், அவர் காலையில் எழுந்து செய்த வேலை என்ன, எத்தனை ஆண்டு செய்தார், அதனால் யார் உண்டார்கள், அதற்காக எதை விட்டார் என்னும் நான்கு கேள்விகளைக் கேட்டு விடையெழுதினால் போதும். அவ்விடைகளுக்குப் பின் அதே புகழுரையை எழுதினாலும் அதற்குப் பொருள் இருக்கும்.

கிளாரா ஷூமான் 1896 மே 20ஆம் நாள் பிராங்க்பர்ட்டில் காலமானார். பான் நகரில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார். அங்கே அவர் மனைவியாகத் துயில்கிறார். அது அவர் விரும்பிய இடம். அவர் கலைஞராக விழித்திருந்த அறுபது ஆண்டுகளுக்கு இடம் தரவேண்டியவர்கள் எழுதுவோரும் கற்பிப்போரும் ஆவர்.